எவ்வளவு வெட்டலாம், எங்கே நிறுத்தலாம்?

புற்றுநோய் அறுவை சிகிச்சை: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இந்த முறை சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் அநேகமாகக் கத்தியைச் சுற்றியே இருக்கின்றன. வெட்டினால் பரவுமா, வெட்டாமல் முடியுமா, ரோபோ என்றால் கொஞ்சமாக வெட்டுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். எழுதியவர்களை யாரும் அடையாளம் காணாதபடி கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்த டாக்டரின் சொல்லுக்கு இந்தப் பக்கம் மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக உதவினால் போதும்.

கேள்வி: எனக்கு 58 வயது. மேமோகிராமில் இடது மார்பில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. டாக்டர், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுக்கலாம் என்கிறார். அக்குளில் கைவைக்காமலே விடலாமா என்றும் யோசிக்கிறாராம். என் அக்காவுக்கு 1998-ல் தஞ்சாவூரில் மார்பை முழுசாக எடுத்து, அக்குளையும் வழித்தெடுத்தார்கள். அவர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். எனக்கு மட்டும் அரைகுறையாகச் செய்கிறார்களோ? செலவை மிச்சம் பிடிக்கிறார்களோ?
- வாசகி, கிங் ஜார்ஜஸ் அவென்யூ

பதில்: அம்மா, செலவு மிச்சம்தான் நோக்கம் என்றால் மார்பை முழுதாக எடுத்துவிடுவதே பல நேரம் மலிவு. கதிர்வீச்சுச் செலவு இருக்காது. உங்கள் டாக்டர் சொல்வது அரைகுறை வைத்தியம் இல்லை. அறுவை சிகிச்சையில் இவ்வளவு நீண்ட காலம் பின்தொடர்ந்து சரிபார்க்கப்பட்ட முடிவுகள் மிகக் குறைவு.

அக்காவுக்குச் செய்ததன் வேர் 1880-களில் இருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் மார்பு, அதற்கு அடியிலுள்ள தசை, அக்குளின் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தார். புற்று ஒரு புள்ளியில் தொடங்கிப் படிப்படியாக வெளியே நகர்கிறது, அதற்கு முன்னால் ஓடிப்போய் வேலி போட்டுவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. எண்பது ஆண்டுக் காலம் உலகமே அதை நம்பியது. பெண்களுக்கு நெஞ்சு குழி விழுந்தது, கையைத் தூக்க முடியாமல் போனது. உயிர் பிழைத்ததே பெரிது என்று அவர்களும் வாய் திறக்கவில்லை. உங்கள் அக்காவின் காலத்துக்குள் தசையை விட்டுவைக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஆனாலும் 'நிறைய எடுத்தால்தான் பத்திரம்' என்ற நினைப்பு போகவில்லை.

அதைக் கேள்வி கேட்டவர்கள் பிட்ஸ்பர்க்கில் பெர்னார்ட் ஃபிஷரும் மிலானில் உம்பெர்டோ வெரோனேசியும். 1970-களில் இருவரும் தனித்தனியாகப் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மார்பு முழுதும் எடுக்கப்பட்டது, மற்றவர்களுக்குக் கட்டியும் அதைச் சுற்றியுள்ள சதையும் மட்டும். சக அறுவை மருத்துவர்கள் ஃபிஷர் மேல் கோபத்தில் கொதித்தார்கள். இரண்டு ஆய்வுகளின் இருபது ஆண்டு முடிவுகளும் 2002 அக்டோபரில், ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் வந்தன. உயிர் வாழ்ந்த காலத்தில் வித்தியாசமே இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்காமல் விட்டவர்களில் 39 சதவீதத்தினருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு 14 சதவீதம். அதனால் ஊரில் 'கரண்டு வைப்பது' என்று சொல்லும் அந்தச் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். முன்பு ஐந்தாறு வாரம் அலைய வேண்டியிருந்தது. 2020-ல் வெளியான பிரிட்டன் ஆய்வுக்குப் பிறகு, தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவையோடு முடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

இனி அக்குள். இப்போது சூடான விவாதம் இங்கேதான். நெறிக்கட்டிகளை மொத்தமாக வழித்தெடுத்தால் சிலருக்குக் கை வீங்கும். வீங்கினால் வளையல் ஏறாது, ரவிக்கைக் கை இறுகும், துணி பிழிந்தால் வலிக்கும், சின்னக் கீறல்கூடச் சீழ் பிடிக்கும். அதைத் தவிர்க்க 1990-களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காம்புக்குப் பக்கத்தில் நீலச் சாயத்தையோ லேசான கதிரியக்க மருந்தையோ ஊசியில் ஏற்றினால், அது நிணநீர்க் குழாய் வழியே அக்குளுக்குப் போய் முதலில் சந்திக்கும் நெறிக்கட்டியில், அதாவது நிணநீர் முடிச்சில், தங்கும். கீறிப் பார்த்தால் கொழுப்புக்கு நடுவே அந்த முடிச்சு மட்டும் நீலமாகத் தெரியும். அதை எடுத்துச் சோதித்தால் மற்றவற்றின் நிலையை ஊகித்துவிடலாம். (மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும். தாதியர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், பயப்பட வேண்டாம்.)

அந்த முதல் முடிச்சைக்கூட எடுக்கத்தான் வேண்டுமா என்பது இன்றைய கேள்வி. 2023-ல் இத்தாலியிலிருந்து ஓர் ஆய்வும், 2024 டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்த ஓர் ஆய்வும் வந்தன. சிறிய கட்டி, அக்குளில் சந்தேகமாக எதுவும் இல்லை என்கிற பெண்களில், முடிச்சை எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஜெர்மனி ஆய்வில் எடுக்காமல் விட்டவர்களில் 1 சதவீதத்தினருக்கு அக்குளில் நோய் திரும்பியது, எடுத்தவர்களில் 0.3 சதவீதத்தினருக்கு. கை வீக்கம் எடுக்காதவர்களுக்கு மிகக் குறைவு. இவற்றை வைத்து அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2025-ல் வழிகாட்டுதலை மாற்றியது. மாதவிடாய் நின்ற, 50 வயது தாண்டிய பெண், கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, ஹெர்2 இல்லை, வேகம் குறைந்த ரகம், அக்குள் அல்ட்ராசவுண்டில் சுத்தம், மார்பைக் காக்கும் சிகிச்சை. இத்தனையும் பொருந்தினால் அக்குளை விட்டுவிடலாம் என்கிறது. உங்கள் வயதும் கட்டியின் அளவும் பொருந்துகின்றன. மற்றவை உங்கள் பயாப்ஸி அறிக்கையில் இருக்கும். ஒவ்வொன்றாக டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அக்காவுக்கும் வந்திருக்கிறது என்கிறீர்கள். அப்போது அவருக்கு என்ன வயது? அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வேறு யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ வந்ததா? இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குடும்ப வழியில் வரும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தால் கணக்கு மாறும். அப்போது மார்பை முழுதாக எடுப்பதே சரி என்றுகூட முடிவாகலாம். கோளாறு இல்லாவிட்டாலும், எல்லாம் விளங்கிய பிறகு 'எனக்கு நிம்மதி வேண்டும், முழுதாகவே எடுத்துவிடுங்கள்' என்று ஒரு பெண் சொன்னால் அதுவும் தவறில்லை. பயத்தில் சொல்லாமல் விவரம் தெரிந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: என் மாமியாருக்குக் கழுத்தில் கட்டி. ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டும் என்கிறார்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும், சும்மா விட்டால் பத்து வருஷம் இருப்பேன்' என்று பிடிவாதம் பிடிக்கிறார்.
- மருமகள், கிட்சனர் ரோடு

பதில்: அந்தக் காலத்தில் நோய் முற்றியபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்ய முடியாது என்று மூடி அனுப்பினார்கள். சில மாதத்தில் ஆள் போய்விட்டார். பழி கத்திமேல் விழுந்தது. உங்கள் மாமியார் அப்படி யாரையாவது கண்ணால் பார்த்திருப்பார், கோபிக்காதீர்கள்.

ஊசி போன தடத்தில் புற்று ஒட்டுவது மிக அரிது. அந்த ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். விதைப்பையில் சந்தேகக் கட்டி என்றால் ஊசி குத்துவதில்லை. சினைப்பைக் கட்டியையும் பொதுவாகக் குத்துவதில்லை. கல்லீரல் கட்டிகள் பலவற்றை ஸ்கேனை வைத்தே முடிவு செய்கிறோம். கழுத்துக் கட்டிக்கு மெல்லிய ஊசி வழக்கமான பரிசோதனை. அது காசநோயாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். பார்க்காமல் எப்படிச் சொல்வது?

மாமியாரின் சந்தேகத்தை விஞ்ஞானிகளும் சும்மா தள்ளிவிடவில்லை. அறுவை நடக்கும் நேரத்தில் கட்டியைத் தொட்டு அசைப்பதால் சில புற்றணுக்கள் கிளம்பிப்போகுமோ என்று மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே குழு கேட்டது. கத்தி வைப்பதற்கு முன் கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தை ஊசியில் போட்டார்கள். பல்லைப் பிடுங்கும்போது போடுகிறார்களே, அதே மருந்து. மார்பகப் புற்று வந்த சுமார் 1,600 பெண்களில் செய்த இந்த ஆய்வு 2023-ல் வெளியானது. ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதத்தினரும் போடாதவர்களில் 86.4 சதவீதத்தினரும் ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தார்கள். மலிவான மருந்துக்கு இது பெரிய பலன். வெற்று ஊசி போட்டு ஒப்பிடவில்லையே, வேறு நாட்டிலும் செய்து பார்க்க வேண்டுமே என்று குறை சொல்பவர்களும் உண்டு. குறை நியாயமானதுதான். ஆனால் அறுவையே வேண்டாம் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. மாமியாரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: மனைவிக்கு 44 வயது. கருப்பைவாய்ப் புற்று, ஆரம்பக் கட்டம். ஓரிடத்தில் ரோபோ மூலம் செய்யலாம், நாலு ஓட்டைதான், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இன்னோரிடத்தில் வயிற்றைத் திறந்துதான் செய்வோம் என்கிறார்கள். இந்தக் காலத்திலும் திறப்பார்களா? பணம் எப்படியாவது புரட்டிவிடுவேன்.
- கணவர், டிர்விட் ரோடு

பதில்: பணத்தைப் புரட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். நவீனமானதே நல்லது என்ற நம்பிக்கை பலமாக அடிவாங்கிய இடம் உங்கள் மனைவியின் நோய்தான்.

ரோபோ தானாக எதையும் வெட்டாது. அறுவை மருத்துவர் அதே அறையில், நோயாளியிடமிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து உட்கார்ந்திருப்பார். அவர் விரல் அசைவதற்கு ஏற்ப, நோயாளியின் வயிற்றுக்குள் போன மெல்லிய கைகள் மணிக்கட்டுபோல் வளைந்து வேலை செய்யும். படம் பெரிதாகத் தெரியும், கை நடுங்காது. இடுங்கிய இடத்தில் தையல் போட அருமையான கருவி.

ஆரம்பக் கட்டக் கருப்பைவாய்ப் புற்றுக்கு லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ என்ற சிறு துளை முறை ஒரு பக்கம், திறந்த அறுவை மறுபக்கம் என்று 631 பெண்களைக் குலுக்கிப் பிரித்த பன்னாட்டு ஆய்வு 2018-ல் வெளியானது. சிறு துளை முறை சற்று மேலாகவோ சமமாகவோ இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்றாண்டு முடிவில் திறந்து செய்தவர்களில் 99 சதவீதத்தினர் உயிரோடிருந்தார்கள், துளை முறையில் 93.8 சதவீதத்தினர். நோய் திரும்புவதும் துளை முறையில் கூடுதல். ஆய்வில் ஆள் சேர்ப்பதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஏன் இப்படி ஆனது? கருப்பையை உள்ளிருந்து அசைக்கும் கருவி காரணமாக இருக்கலாம், வயிற்றில் நிரப்பும் வாயு காரணமாக இருக்கலாம், கட்டி வயிற்றுக்குள் திறந்து கிடக்கும் நேரம் காரணமாக இருக்கலாம். சண்டை ஓயவில்லை. ரோபோவை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு ஸ்வீடன் மருத்துவர்கள் இன்னோர் ஆய்வு நடத்துகிறார்கள். அதன் பதில் வரும்வரை, திறந்து செய்வோம் என்பவரை நான் பழமைவாதி என்று சொல்லமாட்டேன்.

வெளியே தெரியும் தழும்பு சிறியது என்பதால் உள்ளே நடந்தது சிறிய அறுவை ஆகிவிடாது. தழும்பைவிட உள்ளே எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதே முக்கியம். அதில் உங்களுக்கு நல்ல செய்தி இருக்கலாம். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், ஆழமாக இறங்கவில்லை என்றால், சுற்றியுள்ள திசுக்களைப் பெரிதாக எடுக்காமல் கருப்பையை எடுத்தாலே போதும் என்று 2024-ல் இன்னொரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. மூன்றாண்டில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது இரு பக்கமும் இரண்டு, இரண்டரை சதவீதம்தான். எளிய அறுவை செய்தவர்களுக்குச் சிறுநீர்த் தொந்தரவும் குறைவு. மனைவியின் கட்டி அந்த அளவுக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். ரோபோவா திறப்பதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

எல்லாப் புற்றுக்கும் ரோபோ கெடுதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புராஸ்டேட் புற்றுக்கு ரோபோவையும் திறந்த அறுவையையும் ஒப்பிட்டு 2016-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், சிறுநீர்க் கட்டுப்பாடும் தாம்பத்தியமும் மூன்று மாதத்தில் இரு முறையிலும் ஒன்றுபோலவே இருந்தன. கெடுதல் இல்லை, பெரிய அதிசயமும் இல்லை. அங்கே எந்த மருத்துவர் செய்கிறார், எத்தனை செய்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.

மகள் இருந்தால் ஒரு வார்த்தை. 2019 முதல் உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவியருக்குப் பள்ளியிலேயே, கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மலக்குடல் புற்று. வயிற்றில் பை வைக்க வேண்டும் என்றதும் 'அதற்குச் செத்துப்போகலாம்' என்கிறார். மருந்திலேயே கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
- பெந்தமீர் ரோடு

பதில்: பாதி உண்மை. 2022-ல் நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்து கொடுத்த 12 பேருக்கும் கட்டி காணாமல் போனது. 2025-க்குள் 49 பேருக்கு 49. ஆனால் அது மரபணுப் பிழை திருத்தும் புரதம் இல்லாத ஒரு வகைக்கு மட்டும். மலக்குடல் புற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் அந்த வகை. அப்பாவின் சதைப் பரிசோதனையில் அதைப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். மற்றவர்களுக்கும் வழியில்லாமல் இல்லை. கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் பிறகு கட்டி முழுதாக மறைந்தால், வெட்டாமல் கண்காணிக்கும் முறையை பிரேசிலின் ஏஞ்சலிட்டா ஹாப்ர்-காமா தொடங்கிவைத்தார். ஆரம்பத்தில் அவரை யாரும் நம்பவில்லை. இப்படிக் காத்திருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் கட்டி திரும்புகிறது. அதனால் தவணை தவறாமல் ஸ்கோப்பும் ஸ்கேனும் எடுக்கச் சம்மதிப்பவருக்கு மட்டுமே இது சரி. செக்கப்புக்கு வரமாட்டேன் என்கிற ஆளுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பையைப் பற்றி: பலருக்கு அது சில மாதத்துக்கு மட்டும்தான். தற்காலிகமா நிரந்தரமா என்று கேட்டாரா அப்பா?

கேள்வி: சார், எனக்கு 36 வயசு. கட்டுமான வேலை, ஒர்க் பெர்மிட். ஞாயிற்றுக்கிழமைதான் சிராங்கூன் ரோடு பக்கம் வருவேன். வலது கன்னத்துக்குள்ளே இரண்டு மாசமாப் புண். பக்கத்துல வெள்ளையாத் திட்டு. ஊர்ல இருந்தப்போ புகையிலை அடக்குவேன். புற்றுன்னா வாயோட கழுத்தையும் அறுப்பாங்களாமே? முதலாளிக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல.
- பட்டுக்கோட்டைக்காரர்

பதில்: தம்பி, வாய்ப் புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றாலே காட்ட வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. எல்லாப் புண்ணும் புற்று இல்லை, வெள்ளைத் திட்டு வெறும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மேலே மூன்று பேருக்குக் குறைவாக வெட்டுவதைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு நேர்மாறாகச் சொல்கிறேன். வாய்க்குள் சிறிய புற்று, கழுத்தில் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து முடிச்சுகளை அப்போதே எடுப்பதா, வீங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதா? பல்லாண்டு காலம் உலகம் முழுக்க இந்த வாக்குவாதம் நடந்தது. தீர்த்துவைத்தது டாட்டா மெமோரியல். அனில் டி'குரூஸ் குழுவின் ஆய்வு 2015-ல் வந்தது. அப்போதே எடுத்தவர்களில் 80 சதவீதத்தினரும் காத்திருந்தவர்களில் 67.5 சதவீதத்தினரும் மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தார்கள். நம் ஊர் நோயாளிகளின் உடம்பில் கிடைத்த விடையை உலகமே இன்று பின்பற்றுகிறது. ஆகவே கழுத்திலும் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னால் பயந்து ஓடாதீர்கள். தொண்டையை அறுப்பதில்லை. தோல் மடிப்போடு ஒரு கோடு, உள்ளே முடிச்சுகள் இருக்கும் கொழுப்பை எடுப்பார்கள். மார்பகத்துக்குச் சொன்னேனே, முதல் முடிச்சை மட்டும் எடுக்கும் முறை, அதை வாய்க்கும் பிரான்ஸிலும் ஜப்பானிலும் சோதித்துச் சாதகமான முடிவு கண்டிருக்கிறார்கள். சில இடங்களில் அதுவும் கிடைக்கலாம்.

கன்னத்தில் பெரிய துண்டு எடுக்க வேண்டி வந்தால், முன்கையிலிருந்து தோலை அதன் ரத்தக் குழாயோடு எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கழுத்துக் குழாயோடு தைத்து, உள்கன்னமாக வைப்பார்கள். அதற்கு முன் டாக்டர் உங்கள் மணிக்கட்டில் இரண்டு நாடிகளையும் அழுத்திப் பிடித்து, ஒன்றை மட்டும் விட்டு, உள்ளங்கை சிவக்கிறதா என்று பார்ப்பார். எந்தக் கையால் வேலை செய்கிறீர்கள் என்றும் கேட்பார். கம்பி கட்டும் கை எது என்று சரியாகச் சொல்லுங்கள். நோய் முற்றியவர்களுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் பெம்புரோலிசுமாப் என்ற எதிர்ப்புச்சக்தி மருந்து கொடுப்பது 2025-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை அதிகம். சீக்கிரம் வந்தால் அதெல்லாம் தேவைப்படாமலே போகலாம்.

இனி பணம். 2023 ஜூலை 1 முதல் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முன்பு 15,000 ஆக இருந்தது. 15,000-க்கு மேல் வரும் தொகையில் காப்பீட்டு நிறுவனம் 75 சதவீதமும் முதலாளி 25 சதவீதமும் ஏற்க வேண்டும். மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கும் நாள் அறுவைக்கும் இது செல்லும். பெரிய வாய்ப்புற்று அறுவைக்கு 60,000 தாராளமான தொகை இல்லை, அதை மறைக்க மாட்டேன். காப்பீட்டுப் பணம் கேட்கும்போது முதலாளிக்குத் தெரியத்தான் செய்யும், அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் சதைப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள். கிளம்ப நேர்ந்தால் அறிக்கை, ஸ்கேன் படங்கள், பயாப்ஸிக் கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அவை இருந்தால் அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கையோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாடு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே போனில் கேளுங்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உண்டு, வருமான வரம்பும் உண்டு.

புகையிலையை இங்கே யாரிடமும் வாங்காதீர்கள். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் சட்டப்படி தடை. புண்ணுக்கும் அது விஷம்.

ஊழியர்களுக்கான ஆரம்பச் சுகாதாரத் திட்டத்தில் நீங்கள் இருந்தால் மருந்தகத்துக்கு ஒரு தடவை போக 5 வெள்ளிதான். ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்காமல் நாளை வேலை முடிந்ததும் நேராகப் போங்கள். 'வாய்ப் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை, புகையிலை போட்ட ஆள்' என்று இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.